கால் டம்ளர் ரூல்

எங்கள் வீட்டில் ரூல் போடுகிறவர் என் வீட்டுக்காரர். அது அவருக்கு வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த குணம். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட்டில் அவர் கேட்மேன். கேட்டை ஒட்டியே எங்களுக்கு ஓர் அறையும் சமையல்கட்டும் கொடுத்திருந்தார்கள். வண்டி வருகிறதென்றால், கலெக்டர் கார் வந்து நின்றாலும் சரி, மாப்பிள்ளை ஊர்வலம் வந்து நின்றாலும் சரி, கேட்டைத் திறக்கமாட்டார். "ரூல்னா ரூலுதான்" என்பார். மாடுகள் மட்டும்தான் அவர் பேச்சைக் கேட்காமல் தண்டவாளத்தைத் தாண்டும். அவற்றுக்கும் திட்டு விழும்.

அதே ரூலை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார். செருப்பு எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்க வேண்டும், சொம்பில் தண்ணீர் எதுவரை இருக்க வேண்டும், விளக்கை எப்போது ஏற்ற வேண்டும், எல்லாவற்றுக்கும் ரூல். நான் கேட்டுக்கொள்வேன். எனக்குப் பேச்சு வராது என்று இல்லை. ஆளைப் பார்த்துப் பேச வராது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டால் நன்றாகவே பேசுவேன். பதினைந்து வயதில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் நான் உட்கார்ந்ததே கிடையாது. அவர் உட்கார்ந்தால் நான் நிற்பேன். அவர் நின்றால் நான் உள்ளே போய்விடுவேன். அந்தக் காலத்தில் எங்கள் ஜனங்களில் பெண்பிள்ளைகள் அப்படித்தான் இருந்தோம். அதற்கு மரியாதை என்று பேர்.

அந்த வீட்டில் நான் போட்ட ரூல் ஒன்றே ஒன்றுதான். அதையும் வாயால் போடவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர் வேட்டி மடிப்பில் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். மதுவிலக்கு இருந்த காலம். ஆந்திரா பக்கமிருந்து அது எப்படியோ வந்துகொண்டிருந்தது. அவர் குளிக்கப் போன நேரத்தில் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கரிச் சாம்பல் குவியலில் கவிழ்த்துவிட்டு, காலி பாட்டிலைக் கழுவித் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவர் வந்து பார்த்தார். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு பாட்டில் எங்கள் வாசற்படியைத் தாண்டவில்லை. வெளியில் என்ன செய்தாரோ, அது அவர் பாடு. டூட்டியில் மட்டும் தொடமாட்டார். அதுவும் ரூல்.

என் பையனுக்குப் பதினாறு வயது நடந்தபோது அரசாங்கம் மதுவிலக்கை எடுத்தது. பொன்னேரி போகிற ரோட்டில் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் வந்தன. அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு பேஜாரு இருந்தது. கேட்டில் இவர் நிற்கவைத்த வண்டிக்காரன், சைக்கிள்காரன், தயிர்க்காரன் எல்லாரும் கடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இவர் உள்ளே நுழைந்தால் போதும், ஒருவன் காலை நீட்டி வழியை மறிப்பான்.

"கேட்டு சாத்திக்கீது நைனா. வண்டி போனாத்தான் தொறப்போம்."

"டேய், காலு எட்றா."

"ரூலு நைனா, ரூலு!"

கடை முழுக்கச் சிரிக்கும். இவர் முகம் சுண்டித் திரும்பிவருவார். இதை எங்களுக்கு வந்து சொன்னது, அவரோடு கூடவே சுற்றுகிற கேங்மேன். தண்டவாளத்தில் சுத்தியல் தட்டிக்கொண்டு போகிற வேலை அவருக்கு. வாயும் அப்படித்தான், எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் பையன் மாட்டினான். பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளோடு சேர்ந்து கள் குடித்துப் பார்த்திருக்கிறான். குடித்த கொஞ்ச நேரத்திலேயே கேட்டுக்கு அந்தப் பக்கம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். சரக்கு வண்டி வரும் நேரம் என்பதால் அவன் அப்பா கொடியைப் பிடித்துக்கொண்டு நின்று அதையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டி தாண்டும் வரைக்கும் கொடியை இறக்கவில்லை. அதுவும் ரூல்.

சாயங்காலம் விசாரணை நடந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பையன் நின்றான். நான் கதவுக்குப் பின்னால். கேங்மேன் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"எவ்ளோ குடிச்சே?"

"கொஞ்சம் நைனா."

"கொஞ்சம்னா?"

"வாந்தி எட்த்தேனே, அவ்ளோதான்."

கேங்மேன் சிரித்துவிட்டார். இவர் முறைத்ததும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே தொடமாட்டேன் நைனா. மெய்யாலுமே. நாத்தம் தாங்கல."

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். பையனே தொடமாட்டேன் என்கிறான், நாலு திட்டு திட்டிச் சோறு போட்டால் தீர்ந்தது. ஆனால் அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. கதவிடுக்கு வழியாக நான் அதைப் பார்த்தேன். ஸ்டேஷனிலிருந்து போனில் புது உத்தரவு வந்தால் அப்படித்தான் முகம் வைத்துக்கொள்வார்.

"இப்ப சொல்லுவே. நாளிக்குக் கூட்டாளி கூப்டுவான். இன்னிக்குக் கள்ளு, நாளிக்குப் பட்டச் சாராயம். கண்ட எடத்துல குடிச்சிட்டு கண்ட எடத்துல உயுந்தா என் மானம் இன்னா ஆவறது? குடிக்கறதுன்னா ஊட்ல குடி. என் கண்ணு முன்னாடி குடி. சனிக்கெயம சாய்ங்காலம். கால் டம்ளரு. அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது."

பையன் பயந்துபோனான். "வோணாம் நைனா. கொமட்டுது."

"கொமட்டும்டா. அதுக்குத்தான பழக்கறது."

"அவன்தான் வேணாங்கறானே" என்றேன் கதவுக்குப் பின்னாலிருந்து.

"உனுக்குத் தெரியாதுமே. புள்ளைங்கள வளக்கறதுன்னா சும்மாவா? முன்ன ஒக்காந்து நானும் ரெண்டு வாய் குடிச்சாத்தான் அவனுக்கு அளவு தெரியும்."

எனக்குப் புரிந்துவிட்டது. கேங்மேனுக்கும் புரிந்துவிட்டது. "அண்ணே, உனக்கு இருக்கற பொறுப்பு எவனுக்கு வரும்" என்று பாராட்டினார்.

என் வாசற்படி ரூல் போகப்போகிறது. தடுத்துப் பேசுகிற ஆள் நான் இல்லை. சரி, உள்ளே வருகிற மாட்டுக்கு ஒரு கயிறாவது போடலாம் என்று நினைத்தேன். சாமி மாடத்தில் இருந்த கற்பூரத்தைத் தட்டில் வைத்துக் கொளுத்திக் கதவுக்கு வெளியே நீட்டினேன். "ரூலுன்னா சாமி முன்னாடி சொல்லட்டும்."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. சத்தியம் பண்ணுவதில் அவருக்கு ஆசை உண்டு. ஆனால் என்ன சொல்லிச் சத்தியம் பண்ணுவது என்று தெரியவில்லை. கேட் வேலையில் அவருக்குத் தெரிந்த பெரிய ரூல் ஒன்று இருந்தது. கேட் சாத்தியாகிவிட்டது என்று இவர் போனில் ஒரு நம்பர் சொல்ல வேண்டும், ஸ்டேஷனிலிருந்து அவர்கள் ஒரு நம்பர் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் வண்டி நகரும். அதையே கொண்டுவந்து சாமியிடம் வைத்துவிட்டார்.

"இந்த ஊட்ல நானும் எம் புள்ளையும் எதிரும் புதிருமா குந்தினாத்தான் பாட்டிலு தொறக்கும். நா இல்லாம அவன் தொடக்கூடாது. அவன் இல்லாம நா தொடமாட்டேன். கொலசாமி மேல சத்தியம்."

சொல்லிவிட்டு உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தார். எங்கள் ஜனங்களில் கற்பூரம் அணைத்த சத்தியத்தை யாரும் தாண்டமாட்டார்கள். தாண்டினால் கை விளங்காது என்பார்கள். கேட் திறக்கிறவருக்குக் கைதானே சோறு.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் பிள்ளை வளர்ப்பு ஆரம்பித்தது. கேங்மேன் கடையிலிருந்து பாட்டில் வாங்கிவந்து, என்னைப் பார்க்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போவார். பழவேற்காட்டு நெத்திலி வாங்கிப் போட்டு, "பையனுக்கு வறுத்துக் குடுமே" என்பார் இவர். அப்பாவும் பிள்ளையும் பாய் போட்டு எதிரெதிரே உட்காருவார்கள். பையனுக்குக் கால் டம்ளர். இவருக்கு எவ்வளவு என்று சத்தியத்தில் இல்லை. குடிக்கக் குடிக்கக் குடியின் கெடுதல்களை எடுத்துச் சொல்லுவார். குடலில் ஓட்டை விழும், கண் மங்கும், பெண்டாட்டி மதிக்கமாட்டாள். இரண்டாவது டம்ளருக்கு மேல் இன்னும் உருக்கமாகச் சொல்லுவார். சில சமயம் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிடும்.

பையன் கெட்டிக்காரன். அவனுக்கு அந்த நாற்றம் கடைசிவரை பிடிக்கவே இல்லை. அவன் அப்பாவுக்கு ஒரு பழக்கம். டூட்டி இல்லாத நாளிலும், வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவார். மாற்று ஆள் கேட்டைச் சரியாகச் சாத்தினானா, கொடியைச் சரியாகப் பிடித்தானா என்று பார்க்காவிட்டால் அவருக்கு ஆகாது. அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் பையன் தன் டம்ளரை அவர் டம்ளரில் கவிழ்த்துவிடுவான். திரும்பி வந்து, பையன் டம்ளர் காலியாக இருப்பதைப் பார்த்து, "மெதுவா குடிடா. எங்க போய்டப்போவுது" என்பார். தன் டம்ளர் நிறைந்திருப்பது மட்டும் அவர் கண்ணில் பட்டதே இல்லை.

நான் அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன். வயிற்றெரிச்சல் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

நாலைந்து மாதத்தில் நிலைமை தலைகீழானது. சனிக்கிழமை சாயங்காலம் பையன் ஏரிக்கரையில் பந்து விளையாடப் போய்விடுவான். பாட்டில் இருக்கும். நெத்திலி இருக்கும். பையன் இருக்கமாட்டான். இவர் பாயில் உட்கார்ந்து பாட்டிலைப் பார்ப்பார், வாசலைப் பார்ப்பார். தனியாகத் திறந்தால் சத்தியம். கேங்மேன்தான் ஏரிக்கரைக்கு ஓடுவார்.

"டேய், வாடா. உங்கொப்பன் தவிச்சிக்கினு கெடக்கறாரு."

"இன்னும் ஒரு ஆட்டம் சித்தப்பா."

"ஆட்டமாவது ஒண்ணாவது. அந்த மன்சன் வாயி காஞ்சி போச்சிடா."

ஊரில் மற்ற அப்பன்கள் பிள்ளையைக் கடையிலிருந்து இழுத்துவந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் பிள்ளையை விளையாட்டிலிருந்து இழுத்துவந்து குடிக்கவைத்தார்.

பையன் பதினொன்றாம் வகுப்பு படித்து முடித்தான். பாஸ் ஆனான். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் அவனுக்கு பிட்டர் வேலை கற்க இடம் கிடைத்தது. அங்கேயே ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். படித்து முடித்தால் எண்ணூர்ப் பக்கம் கம்பெனிகளில் எங்கேயும் சேரலாம் என்றார்கள். அவன் தாத்தாக்கள் இருவரும் அடுத்தவன் வயலில் நாற்று முடி சுமந்தவர்கள். என் பையன் மிஷின் பக்கத்தில் நிற்கப்போகிறான். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

அவன் அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

"அம்பத்தூர்ல கொசு."

"இங்க மட்டும் இன்னா நைனா, கொசு லீவுலயா கீது?"

"மிஷின்ல கைய உட்டா போச்சி."

"கைய உடக்கூடாதுன்னுதான் சொல்லித்தராங்க."

"ஆஸ்டல்லாம் ஆவாதுடா. கெட்ட சாவகாசம். குடிக்கக் கத்துக்கினு வருவே. இங்கன்னா என் கண்ணு முன்னாடி குடிக்கற."

கேங்மேன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு காற்றில் விடுகிறமாதிரி விட்டார். "பையன் போய்ட்டா சனிக்கெயம யாரு எதுக்க குந்துவாங்க அண்ணே? அதானே பேஜாரு?"

"நீ வாய மூட்றா."

ஆனால் அதுதான். கொசுவும் இல்லை, மிஷினும் இல்லை. பிள்ளை அம்பத்தூரில் இருந்தால் இங்கே பாட்டில் திறக்காது. கடைக்குப் போனால் காலை நீட்டுவார்கள். ஒரு மனுஷனின் சனிக்கிழமைக்காக என் பிள்ளையின் பிழைப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அதைத் தனக்கே சொல்லிக்கொள்ளாமல், கொசு என்றே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமையும் போனது. சனிக்கிழமை மத்தியானம் பையன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, வைத்திருந்த சட்டையை எடுத்துக் கொடியில் திரும்பப் போட்டான். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. சாமி மாடத்திலிருந்து கற்பூரத்தை எடுத்துக் கொளுத்தினேன். தட்டை வெளியே நீட்டவில்லை. தட்டோடு நானே கதவைத் தாண்டி வந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன், ஆனால் பேசினேன்.

"அவன் போவட்டும். அவன் எடத்துல நா குந்தறேன்."

அவர் பாயிலிருந்து எழுந்துவிட்டார். "இன்னாமே சொல்றே? பொம்பள நீ குடிப்பியா?"

"குடிக்கறேன்னு யாரு சொன்னது? எதுக்க குந்தறதுக்கு ஆளு வேணும். அதான ரூலு. புள்ளைக்கு பதிலா பொண்டாட்டின்னு சாமிகிட்ட மாத்திச் சொல்லிடுங்க."

"ஆள் மாத்து டூட்டி!" என்றார் பாட்டிலோடு வாசலுக்கு வந்திருந்த கேங்மேன். "ரயில்வேலயே கீதே அண்ணே! ஒத்துக்கோ!"

அவர் கொஞ்ச நேரம்கூட யோசிக்கவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. கற்பூரத்தை மறுபடி கையால் அடித்து, "இந்த ஊட்ல எம் பொண்டாட்டி எதுக்க குந்தினாத்தான் பாட்டிலு தொறப்பேன்" என்று சத்தியம் பண்ணினார். அணைத்த கையோடு பையனிடம், "டேய், பொட்டியக் கட்டு. நல்ல படிப்புடா அது. கொசுவலை எட்த்துக்கோ" என்றார். பையன் என்னைப் பார்த்தான். நான் உள்ளே போய்விட்டேன். மறுநாள் காலை பாசஞ்சரில் அவன் போனான்.

அடுத்த சனிக்கிழமை வந்தது. பாய் போட்டார். பாட்டில் வந்தது. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். பதினேழு பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவை. அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில், நேராக, வெளிச்சத்தில் நான் பார்த்ததில்லை. புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் டம்ளரைத் தூக்கினார். கீழே வைத்தார்.

"அப்டி பாக்காதமே."

"எப்டி பாக்கறது?"

"எங்கியாவது பாரு. சொவத்தப் பாரு."

சுவரைப் பார்த்தேன். ஒரு வாய் குடித்தார். பழக்கத்தில் குடியின் கெடுதல்களை ஆரம்பித்தார். "குடிச்சா கொடல்ல..." என்று சொல்லி நிறுத்திவிட்டார். அதைப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? நெத்திலியை மென்றார். எனக்கும் சும்மா உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருந்தது. மனசில் இருந்ததைக் கேட்டேன்.

"புள்ள சாப்ட்டிருப்பானா?"

"சாப்ட்டிருப்பான்."

"ராவுக்கு ஆஸ்டல்ல இன்னா போடுவாங்க?"

"எனுக்கு இன்னாமே தெரியும்?"

"கூச்சப்படுவான். ரெண்டாந்தரம் கேக்கமாட்டான். பசியோட பட்த்துக்குவான்."

அவர் டம்ளரை வைத்துவிட்டார். "குடிக்கறப்ப கேக்கற கேள்வியா இது? ஏறினதுகூட எறங்கிப் போவுது."

நான் வேண்டுமென்று செய்யவில்லை. எனக்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான். அடுத்த வாரம், பையனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் கஷாயம் வைப்பார்கள் என்று கேட்டேன். அதற்கடுத்த வாரம், அவன் துணியை அவனே துவைக்கிறானா என்று கேட்டேன். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை, நான் முந்தானையை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அவரே எழுந்து சட்டையை மாட்டினார்.

"நீ போய் உன் வேலையப் பாருமே. நா கடைக்குப் போறேன். கால நீட்டினா நீட்டிட்டுப் போறானுங்க."

போனார். காலை நீட்டத்தான் நீட்டினார்கள். தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். எங்கள் வீட்டு வாசற்படியைப் பாட்டில் அதற்குப் பிறகு தாண்டவில்லை. இரண்டு வருஷத்தில் அரசாங்கம் கடைகளையே மூடிவிட்டது. அப்புறம் எங்கே குடித்தார், எப்படிக் குடித்தார் என்று நான் கேட்கவில்லை.

பையன் படித்து முடித்து எண்ணூரில் வேலைக்குச் சேர்ந்தான். முதல் சம்பளத்தில் அவன் அப்பாவுக்கு வேட்டி வாங்கிவந்தான். கூடப் படித்த பிள்ளைகள் சிலர் குடியில் விழுந்துவிட்டார்கள், இவன் தொடுவதில்லை என்று ஊரில் பேச்சு. கேட்டில் நின்று போகிற அப்பன்களிடமெல்லாம் இவர் சொல்ல ஆரம்பித்தார்.

"எம் புள்ள ஒரு சொட்டு தொடமாட்டான். எப்டி வளத்தேன் தெரியுமா? ஊட்ல வெச்சி, கண்ணு முன்னாடி, அளவா. சனிக்கெயம சனிக்கெயம. அடிச்சி வளக்கறது இல்ல நைனா, ஒக்காந்து வளக்கணும்."

கேட்டு சாத்தியிருக்கிற நேரம், போக வழியில்லாமல் அவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சிலர் தலையைக்கூட ஆட்டினார்கள்.

கேங்மேனுக்கு இரண்டு பையன்கள், மீசை முளைக்கிற வயது. கள்ளத்தனமாக வருகிற சரக்கு எங்கும் கிடைத்த காலம். அவரும் தன் வீட்டில் அந்த ரூலைப் போட்டுவிட்டார். அவர் பெண்டாட்டி ஒரு நாள் மாவு அரைக்கிற சாக்கில் என்னிடம் வந்தாள். அவளுக்கு என்னைப்போல் கூச்சமெல்லாம் கிடையாது.

"அக்கா, உங்க ஊட்டுக்காரரு சொல்றது நெசமா? பாயப் போட்டுக் குந்திக்கினு சனிக்கெயம குடிக்க வெச்சா புள்ளைங்க குடிகாரனா ஆவமாட்டாங்களாமே?"

நான் ஆட்டுக்கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஆவமாட்டாங்க. ஆனா நீயும் குந்தணும்."

"நானா? நா எதுக்கு? எங்க குந்தறது?"

"உன் ஊட்டுக்காரரு எதுக்க. ஒண்ணும் பண்ண வேணாம். புள்ளைங்க சாப்ட்டாங்களான்னு மட்டும் கேட்டுக்கினே இரு."